ஷைத்தானாக்கப்பட்ட சிறுவன்: சாமுராய் அனிமேயில் வரலாறும் மாயமும்

பத்தாந் தரத்துக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு நாள், மாணவன் ஒருவனின் கொப்பிப் பின்னட்டையில் ஒரு சித்திரம் கண்ணிற் பட்டது. வெளிறிய முகம், நீண்ட கூந்தல், கழுத்தில் சிலுவை, உள்ளங்கைக்கு மேலே மிதக்கும் ஓர் உருண்டை. பென்சிலால் மிக நன்றாக வரைந்திருந்தான். யார் இது என்று கேட்டேன்.

‘அமாகுசா, சேர். கிறிஸ்தவன். செத்துப்போய் ஷைத்தானாகித் திரும்பி வந்தவன்.’

‘எங்க பார்த்த?’

‘மச்சான்ட போன்ல கேம் இருக்கு சேர். அனிமேயும் இருக்கு.’

‘மனிசன் செத்தா ஷைத்தானாக மாட்டான் மகன்’ என்று சொல்லி அடுத்த கொப்பியை எடுத்தேன். மார்க்கப் பாட ஆசிரியர் சொல்லவேண்டியதை நான் சொல்லிவிட்டேன் என்ற அளவில் அது முடிந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் மனதிலே தங்கிவிட்டது. தேடிப் பார்த்தபோது அமாகுசா ஷிரோ ஒரு கற்பனைப் பாத்திரம் அல்ல என்பதும், ஏறத்தாழ முப்பத்தேழாயிரம் பேரோடு சேர்த்துக் கொல்லப்பட்ட ஒரு பதின்பருவத்துச் சிறுவன் என்பதும் தெரியவந்தது. கொல்லப்பட்டவன் எவ்வாறு ஷைத்தானானான் என்ற கேள்வியிலிருந்தே இக்கட்டுரை பிறக்கிறது.

*

ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களில், அதாவது அனிமேயில், சாமுராய்களின் காலத்தை எடுத்துக்கொண்டு, உண்மையில் நடந்த போர்களையும் உண்மையில் வாழ்ந்த மனிதர்களையும் பேய், அரக்கர், மாயவித்தை என்பவற்றோடு கலந்து சொல்லும் ஒரு தனிவகை உண்டு. நமது இலக்கியச் சூழலில் இவற்றைப் பற்றி எழுதுவது ‘காட்டூன்’ பற்றி எழுதுவதாகவே பார்க்கப்படும். நமது பிள்ளைகள் எந்த நாவலையும் விட அதிகமாக இவற்றிலேதான் கதை கேட்கிறார்கள் என்பதால் அந்தப் பழியை ஏற்றுக்கொள்ளலாம்.

வரலாற்றோடு மாயத்தைக் கலப்பது குற்றம் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. நமது முன்னோர் பாடிய படைப்போர்களும் கிஸ்ஸாக்களும் இதையேதான் செய்தன. அலி (ரழி) அவர்களின் மகனார் முகம்மது ஹனபிய்யா வரலாற்று மனிதர். சைத்தூன் கிஸ்ஸாவில் வரும் முகம்மது ஹனிபாவோ கதைசொல்லிகளின் மடியிலே வளர்ந்தவர். வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றியிருந்து இரவிரவாக அதைக் கேட்ட நமது உம்மம்மாமார், இது எந்த ஹிஜ்ரியில் நடந்தது என்று கேட்கவில்லை. கலப்பு நடந்திருக்கிறதா என்பது ஆகவே நமது கேள்வியாக இருக்க முடியாது. மாயம் யாருக்கு வழங்கப்படுகிறது, அதனால் யாருடைய கணக்கு நேராகிறது என்று கேட்பதே பயனுள்ளது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சில படைப்புகளைப் பார்க்கலாம். அதற்கு முன்னர் ஷிமாபராவில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

*

ஜப்பானின் தென்மேற்கில், கியூஷூ தீவிலே, நாகசாகிக்குக் கிழக்காக ஷிமாபரா என்றொரு தீபகற்பமும் அதன் தெற்கே அமாகுசா தீவுகளும் இருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டில் அங்கு கத்தோலிக்கம் வேரூன்றியது. டொகுகவா ஷோகுன்கள் 1614இல் அதை நாடு முழுவதும் தடைசெய்தார்கள். ஷிமாபராவை ஆண்ட மட்சுகுரா குடும்பம் தனது தகுதிக்கு மீறிய ஒரு கோட்டையைக் கட்டி, அதன் செலவைக் குடியானவர்களின் தலையில் வரியாக ஏற்றியது. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளிலும் வரி குறையவில்லை. செலுத்த முடியாதவர்களுக்கு வைக்கோல் மழையங்கியைப் போர்த்திக் கட்டித் தீவைத்தார்கள். எரிபவன் துடிப்பதை ‘மழையங்கி நடனம்’ என்று சொல்லிச் சிரித்தார்கள் என அக்கால ஐரோப்பியர் எழுதிவைத்திருக்கிறார்கள். மதத்தைக் கைவிட மறுத்தவர்களை உன்சென் மலையின் கொதிநீர் ஊற்றுக்களிலே வதைத்தார்கள்.

1637 டிசம்பரில் குடியானவர்கள் எழுந்தார்கள். வரிக்கொடுமையும் மதக்கொடுமையும் அவர்களைப் பொறுத்தவரை ஒன்றாகவே வந்தன. எசமான்களை இழந்த சாமுராய்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். கிளர்ச்சிக்காரர்களும் பரிசுத்தவான்கள் அல்லர். அதிகாரிகளைக் கொன்றார்கள், பௌத்த ஆலயங்களை எரித்தார்கள். அவர்கள் தங்களுக்குத் தலைவனாகத் தெரிந்தெடுத்தது அமாகுசா ஷிரோ என்ற சிறுவனை. வயது பதினாறு அளவில் என்பார்கள். கைவிடப்பட்டுக் கிடந்த ஹாரா கோட்டைக்குள் பெண்கள், குழந்தைகள், வயோதிபர்களோடு புகுந்து, ஷோகுனின் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படையை மாதக்கணக்காக எதிர்த்து நின்றார்கள். முதலில் வந்த தளபதி இடாகுரா ஷிகெமாசா தாக்குதலிலே கொல்லப்பட்டார். அடுத்து வந்த மட்சுதைரா நொபுத்சுனா முற்றுகையிட்டுப் பட்டினி போட்டார். கொல்லப்பட்ட கிளர்ச்சிக்காரர்களின் வயிற்றைக் கிழித்துப் பார்த்து, உள்ளே கடற்பாசியைக் கண்ட பின்னரே உணவு தீர்ந்துவிட்டது என்பதை உறுதிசெய்தார்களாம். 1638 ஏப்ரல் நடுப்பகுதியில் கோட்டை விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் முப்பத்தேழாயிரம் என்பது வழமையான கணக்கு. இருபத்தேழாயிரம் என்போரும் உண்டு. ஏறக்குறைய எல்லோரும் கொல்லப்பட்டார்கள். ஷிரோவின் தலை நாகசாகியிலே காட்சிக்கு வைக்கப்பட்டது.

இரண்டு விடயங்களை இதனோடு சேர்த்துச் சொல்லவேண்டும். ஒன்று, வென்ற அரசே மட்சுகுரா கட்சுயியேயின் கொடுங்கோன்மையை ஒப்புக்கொண்டு, அதே ஆண்டில் அவருடைய தலையை வெட்டியது. ஒரு பிரபுவுக்குரிய மரியாதையான வயிறுகிழிப்புக்கூட அவருக்கு அனுமதிக்கப்படவில்லை. அதாவது, கிளர்ச்சிக்குக் காரணம் இருந்தது என்பது அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது. மற்றது நமது கரையைத் தொடுகிறது. ஷோகுனின் வேண்டுகோளின்படி ஹாரா கோட்டையின்மீது கடலிலிருந்து பீரங்கி சுட்டது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல். கோட்டை விழுந்து ஒரு மாதம் கழிந்த சில நாட்களில், 1638 மே 18இல், அதே கம்பனியின் இன்னொரு கப்பற்படை வெஸ்டர்வோல்ட் தலைமையில் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது. மட்டக்களப்பு வாவிக்கரையில் அந்தக் கோட்டையைக் கடந்து போகும் நமக்கு, ஷிமாபரா அவ்வளவு தொலைவான ஊரல்ல.

போர்த்துக்கேயரின் மார்க்கத்தைத் தழுவியவர்களுக்காக நாம் ஏன் வருந்தவேண்டும் என்று ஒரு வாசகர் கேட்கலாம். 1626இல் நமது மூதாதையரைக் கோட்டே இராச்சியத்தின் கரையோரத்திலிருந்து துரத்தியவர்கள் போர்த்துக்கேயரே. செனரத் மன்னன் இடங்கொடுத்திராவிட்டால் கிழக்கிலே நம்மிற் பலருடைய ஊர்கள் இன்றிருக்கும் நிலையில் இருந்திரா. கேள்வி நியாயமானதுதான். ஆயினும், இங்கே துரத்தியவனும் அங்கே வைக்கோல் அங்கியில் எரிந்தவனும் ஒரே சிலுவையை அணிந்திருந்தார்கள் என்பதற்காக இருவரையும் ஒருவராகப் பார்ப்பதுதான் நமக்கும் செய்யப்பட்டது. 2019 ஏப்ரலுக்குப் பின்னர் அந்தப் பார்வையின் முன்னால் நாம் எப்படி நின்றோம் என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

*

இனிப் புனைவுக்கு வருவோம். 1960களில் யமதா ஃபூதாரோ என்ற வெகுசன நாவலாசிரியர் ‘மகாய் தென்ஷோ’ என்ற கதையை எழுதினார். மாண்டுபோன வீரர்கள் மாயவித்தையால் அரக்கர்களாக மறுபிறப்பெடுத்து டொகுகவா ஆட்சியைக் கவிழ்க்க முயல, யாக்யூ ஜுபெய் என்ற வாள்வீரன் அவர்களை எதிர்கொள்கிறான். ஜுபெய்யும் வரலாற்று மனிதன்தான். அமாகுசா ஷிரோ அந்த அரக்கர்களிலே ஒருவன். 1981இல் கின்ஜி ஃபுகாசாகு இதைத் திரைப்படமாக்கியபோது ஷிரோவை அரக்கர்களின் தலைவனாகவே ஆக்கினார். தன் மக்களைக் காக்காத கடவுளைக் கைவிட்டு, படுகொலையின் களத்திலிருந்து பழிவாங்க எழுகிறான் அந்த ஷிரோ. 1993இல் வெளிவந்த ‘சாமுராய் ஷோடவுன்’ என்ற வீடியோ விளையாட்டிலும் அதையொட்டிய அனிமேயிலும் அவன் இருட்தெய்வமொன்றின் ஏவலாளியாக, இறுதியில் வீழ்த்தப்படவேண்டிய எதிரியாக வருகிறான். என் மாணவன் வரைந்தது இந்த ஷிரோவைத்தான். 1997இலும் 1998இலும் ‘நிஞ்ஜா ரிசரெக்ஷன்’ என்ற பெயரில் வெளிநாடுகளுக்குப் போன அனிமே, இரண்டு பாகங்களோடு நின்றுவிட்டது. சிறுவர்கள் பார்க்கத் தகாத அளவுக்கு இரத்தமும் ஆபாசமும் அதில் உண்டு. ஷிரோ ஒன்றில் மீட்பனாவான் அல்லது சாத்தானாவான் என்றொரு முன்னறிவிப்பு, சாத்தானாகிறான். ஆகவே கோட்டைக்குள் புகுந்து அவனைக் கொல்வது வீரமாகிறது.

இந்தத் தொடரொழுங்கைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியருக்கு அநியாயமாக இறந்தவர்களின் ஆவி பழிவாங்க வரும் என்ற மிகப் பழைய நம்பிக்கை உண்டு. அவதூறினால் நாடுகடத்தப்பட்டு 903இல் இறந்த அறிஞர் சுகவாரா நோ மிச்சிஸானேயை அதற்கு உதாரணமாகச் சொல்லலாம். 930இல் அரண்மனையில் இடி விழுந்தபோது, அது அவருடைய கோபம் என்று அரசவை நடுங்கியது. பின்னர் அவருக்குக் கோவில் கட்டி, கல்வியின் தெய்வமாக்கி, இன்றுவரை பரீட்சைக்குப் போகும் மாணவர்கள் அங்கே வேண்டிக்கொள்கிறார்கள். 940இல் கொல்லப்பட்ட கிளர்ச்சிக்காரன் தைரா நோ மசகாதோவின் தலை புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இடம் டோக்கியோ நகரின் நடுவே, வங்கிகளுக்கும் அலுவலகங்களுக்கும் இடையில், இன்றும் பேணப்படுகிறது. நமது அகீதாவுக்கு இவை ஏற்புடையவை அல்ல. ஆனால் ஒரு சமூகத்தின் மனச்சாட்சி என்ற வகையில் இவற்றை வாசிக்கலாம். பேய்க்குப் பயப்படுகிறவன், தான் செய்தது அநியாயம் என்பதை ஒப்புக்கொள்கிறான். பேய்க்கு ஒரு வழக்கு இருக்கிறது. அந்த வழக்கைக் கேட்டுத் தீர்த்தால்தான் அது அடங்கும்.

ஃபுகாசாகுவின் திரைப்படத்தில் இந்த ஒப்புதலின் மிச்சம் இருக்கிறது. ஷிரோ கெட்டவன்தான், ஆனால் அவனுக்கு என்ன நடந்தது என்பதைப் பார்வையாளன் அறிவான். விளையாட்டிலும் பிந்திய அனிமேயிலும் வழக்கு காணாமற் போய்விட்டது, பேய் மட்டும் எஞ்சியிருக்கிறது. கொதிநீர் ஊற்று இல்லை, வைக்கோல் அங்கி இல்லை, கடற்பாசி இல்லை. சிலுவை மட்டும் ஆபரணமாகத் தொங்குகிறது. ஜப்பானியப் பார்வையாளனுக்கு இதிலே பெரிய நட்டமில்லை எனலாம். பாடசாலைப் புத்தகத்தில் ஷிமாபராவை அவன் படித்திருப்பான். கடல் கடந்து அக்கரைப்பற்றுக்கோ கிண்ணியாவுக்கோ வந்து சேரும்போது வரலாறு வழியிலே உதிர்ந்து, ‘கிறிஸ்தவன், செத்து ஷைத்தானானவன்’ என்ற ஒரு வரி மாத்திரமே வந்து சேர்கிறது.

2017இல் வந்த ‘ஃபேட் அப்போக்ரிஃபா’ தொடரிலே நிலைமை சற்று மாறியிருக்கிறது. அதில் வரும் ஷிரோ, தன் மக்களைக் கொன்றவர்கள்மீதான வெறுப்பைத் துறந்து, மனித குலம் முழுவதையும் மீட்க விரும்புகிறான். அழகான கற்பனைதான். எனினும் கதையின் அமைப்பிலே அவன் இன்னமும் தோற்கடிக்கப்படவேண்டியவனாகவே நிற்கிறான். முப்பத்தேழாயிரம் பேரின் இழப்பு அவனுடைய மனப்பக்குவத்துக்கான ஒரு பின்கதையாகச் சுருங்கிவிடுகிறது.

*

இதற்கு மறுபக்கத்தில் ‘ஹகுவோகி’ என்ற தொடரை வைத்துப் பார்க்கலாம். 2008இல் பெண் வாசகர்களை நோக்கிய வீடியோ விளையாட்டாக வந்து, 2010இல் ஸ்டூடியோ தீன் நிறுவனத்தாரால் அனிமேயாக்கப்பட்டது. இவ்வகைத் தொடர்களில் வரலாற்றுத் தேதிகளை மிக நெருக்கமாகப் பின்பற்றுவன என்று சொல்லக்கூடியவற்றில் இதுவும் ஒன்று. டொகுகவா ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் கியோத்தோ நகரத்தைக் காவல்செய்த ஷின்சென்குமி என்ற வாட்படையே இதன் நாயகர்கள். 1864இல் இகெதாயா விடுதித் தாக்குதல், அதே ஆண்டில் அரண்மனை வாயிலில் நடந்து நகரையே எரித்த மோதல், 1868இல் தோபா–ஃபுஷிமிப் போர், 1869இல் ஹகொதாதேயில் இறுதித் தோல்வி என்று கதை வரலாற்றின் தடத்திலேயே போகிறது. இதற்குள் மாயம் ஒரு மருந்தின் வடிவில் நுழைகிறது. மேற்கிலிருந்து வந்த ‘ஒச்சிமிஸு’ என்ற அந்த நீரைக் குடித்தவன் ‘ரசெத்சு’ ஆகிறான். நமது ராட்சசன் என்ற சொல்லோடு உறவுள்ள சொல் அது. தலைமயிர் வெளுக்கும், கண் சிவக்கும், காயம் உடனே ஆறும், இரத்தத் தாகம் எடுக்கும்.

இந்தக் கற்பனையின் ஒரு கூறு உண்மையிலேயே சிறப்பானது. ரசெத்சுவின் அசுர பலம் வெளியிலிருந்து வருவதல்ல. அவன் தன் எதிர்கால ஆயுளிலிருந்தே அதைக் கடனாக எடுக்கிறான். கடன் தீரும் நாளில் சாம்பலாக உதிர்ந்துவிடுகிறான். துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் முன்னால் வாளோடு நின்ற ஒரு வகுப்பின் அந்திமத்துக்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் கிடைப்பது அரிது. குடியானவக் குடும்பத்தில் பிறந்து, சாமுராய் ஆகவேண்டும் என்ற ஒரே ஆசையோடு வாழ்ந்த ஹிஜிகதா தோஷிஸோ, சாமுராய் என்ற இனமே அழியப்போகும் நேரத்தில் அந்த நீரைக் குடிக்கிறான். பார்வையாளன் கலங்காமல் இருக்க முடியாது. நானும் கலங்கினேன் என்பதை மறைக்கவில்லை.

கலக்கம் தெளிந்த பின்னர் கணக்கைப் பார்க்கவேண்டும். வரலாற்று ஷின்சென்குமி தன் ஆட்களையே கொன்ற ஓர் அமைப்பு. அதன் முதல் தலைவர்களில் ஒருவரான செரிசாவா கமோவை 1863இல் சொந்தத் தோழர்களே வெட்டினார்கள். படையை விட்டு விலகுவது மரணதண்டனைக்குரிய குற்றம் என்பது அவர்களுடைய சட்டம். யமனாமி கெய்சுகே அங்கே மூத்தவர்களில் ஒருவர், படித்தவர். 1865இல் படையை விட்டு நீங்கினார், பிடித்து வரப்பட்டார், தன் வயிற்றைத் தானே கிழித்து இறக்க வைக்கப்பட்டார். தொடரில் யமனாமிக்கு, அங்கே அவர் பெயர் சன்னான், என்ன நடக்கிறது? கையிலே பட்ட காயத்தால் வாள் பிடிக்க முடியாமற் போன அவர், தானாகவே அந்த நீரைக் குடித்து ரசெத்சுவாகிறார். அந்த இரகசியத்தைக் காப்பதற்காக அவர் இறந்துவிட்டார் என்று வெளியிலே சொல்லப்படுகிறது. வரலாற்றில் நண்பர்களே ஒரு நண்பனைச் சாகவைத்த சம்பவம், புனைவில் நண்பர்கள் ஒரு நண்பனை ஒளித்துவைத்த சம்பவமாகிறது. ஒரு குவளை மருந்திலே ஒரு கொலை கழுவப்பட்டுவிட்டது.

இகெதாயா சம்பவத்துக்கு முன்னர் ஃபுருதகா ஷுன்தாரோ என்பவரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, பாதங்களில் ஆணியடித்து, அதிலே மெழுகுதிரி ஏற்றி ஹிஜிகதா வாக்குமூலம் பெற்றார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தொடர் அந்த ஆணியைக் காட்டுவதில்லை. இரத்த வெறி வரும்போதெல்லாம் அது மருந்தின் வெறியாகவே வருகிறது. மருந்தோ மேற்கிலிருந்து வந்தது. அதைப் பரிசோதிக்கச் சொன்னது ஷோகுனின் அரசு. செய்தது ஒரு வைத்தியர். பொறுப்பு படிப்படியாக மேலேயும் வெளியேயும் நகர்ந்து, வாள் பிடித்த கைகள் தூய்மையாகிவிடுகின்றன. இதற்கு அனிமேயை மட்டும் குறைசொல்வதும் நியாயமல்ல. மெய்ஜி அரசு கொலைகாரக் கூட்டமாகச் சித்திரித்த இவர்களை, 1928இல் ஷிமோசாவா கான் தன் நூலினாலும் 1960களில் ஷிபா ரியோதாரோ தன் நாவலினாலும் மனிதர்களாக மீட்டெடுத்தார்கள். அது தேவையான மீட்பு. மனிதர்களாக மீட்கப்பட்டவர்களை அழகிய அரக்கர்களாக உயர்த்தியதே ‘ஹகுவோகி’ எடுத்து வைத்த அடுத்த அடி.

இத்தொடரின் இரண்டாம் பகுதிக்கு ‘ஹெக்கெத்சுரோகு’ என்று பெயர். ‘ஹெக்கெத்சு’ என்றால் பச்சை இரத்தம். விசுவாசத்தோடு இறந்தவனின் இரத்தம் மூன்று ஆண்டுகளில் பச்சை மணியாக மாறும் என்பது பழஞ் சீனக் கதை. ஹகொதாதேயில் ஷோகுன் தரப்பில் நின்று மாண்டவர்களுக்காக 1875இல் எழுப்பப்பட்ட நினைவுக்கல்லின் பெயரிலும் அச்சொல்லே இருக்கிறது. தோற்றவர்களின் இரத்தத்துக்கு மணியாகும் உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஹாரா கோட்டையில் சிந்திய இரத்தமும் தோற்றவர்களின் இரத்தந்தானே என்று மட்டும் கேட்கிறேன். 1990களிலிருந்து அங்கே நடந்த அகழ்வுகளில் மனித எலும்புகளோடு, துப்பாக்கிக் குண்டின் ஈயத்தை உருக்கிச் செய்த சிறு சிலுவைகளும் கிடைத்தன. தம்மைக் கொல்ல வந்த ஈயத்தைச் சிலுவையாக வார்த்தவர்களின் தலைவனுக்கு விளையாட்டிலே கிடைத்தது ஒரு மாய உருண்டை.

*

மாயம் எப்போதும் இப்படித்தான் வேலைசெய்யும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒசாமு தெஸுகா 1967இல் எழுதி வரையத் தொடங்கிய ‘தொரோரோ’, 1969இலும் மீண்டும் 2019இலும் அனிமேயாயிற்று. உள்நாட்டுப் போர்க் காலம். தைகோ ககெமிட்சு என்ற பிரபு தன் அதிகாரத்துக்காகப் பிறக்கப்போகும் மகனின் உடலை அரக்கர்களுக்கு விற்கிறான். பிள்ளை கண்ணின்றி, தோலின்றி, கைகாலின்றிப் பிறக்கிறது. ஹியக்கிமாரு என்ற அந்தப் பிள்ளை வளர்ந்து, ஒவ்வோர் அரக்கனாகக் கொன்று தன் உறுப்புகளை மீட்பதே கதை. இங்கே அரக்கன் யாருடைய குற்றத்தையும் சுமந்துகொண்டு ஓடுவதில்லை. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது தந்தை என்பது ஒவ்வொரு காட்சியிலும் நினைவூட்டப்படுகிறது. 2019ஆம் ஆண்டுத் தொடர் இன்னும் ஒரு படி போகிறது: அந்த ஒப்பந்தத்தால் நாட்டில் மழை பெய்தது, வயல் விளைந்தது, குடிமக்கள் உண்டார்கள். மகன் ஒவ்வோர் உறுப்பையும் மீட்க, நாட்டுக்குத் துன்பம் திரும்புகிறது. ஒரு பிள்ளையின் கையையும் காலையும் உண்டுதான் நாம் செழித்தோம் என்று தெரிந்தால் அந்தச் சோற்றை என்ன செய்வது? மாயம் இங்கே கணக்கை அழிக்கவில்லை, எல்லோருடைய பெயரையும் அதிலே எழுதிவிட்டது. தொரோரோ என்ற சிறு பிள்ளையின் தாய், பாத்திரமில்லாமல் கொதிக்கும் கஞ்சியை வெறுங்கையிலே வாங்கிப் பிள்ளைக்கு ஊட்டும் காட்சியில் எந்த மாயமும் இல்லை. அரக்கர்கள் எல்லோரையும் மறந்த பின்னரும் அந்தக் கைகள் மறக்கவில்லை.

ஷின்இச்சிரோ வதனாபே இயக்கி 2004–2005இல் வந்த ‘சாமுராய் சாம்ப்லூ’ வேறொரு வழியிலே போகிறது. ஹிப்ஹொப் இசையையும் எடோ காலத்தையும் கூசாமற் கலக்கும் தொடர் அது. புதையல் தோண்டும் நடைபிணங்கள்கூட ஓர் அத்தியாயத்தில் வருகின்றன. ஆனால் கதையின் முதுகெலும்பு ஷிமாபராதான். ஃபூ என்ற பெண்பிள்ளை ‘சூரியகாந்தி மணக்கும் சாமுராய்’ ஒருவரைத் தேடி, இரண்டு வாள்வீரர்களோடு நாகசாகிக்கு நடக்கிறாள். அவர் அவளுடைய தந்தை என்பதும், ஷிமாபராக் கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவர் என்பதும் பின்னரே வெளியாகின்றன. இருபத்தாறு அத்தியாயங்கள் தேடிக் கண்டுபிடிக்கும்போது அவர் ஒரு குடிசையில் நோயுற்றுப் படுத்திருக்கிறார். அரசின் வாளாள் வந்து, எழும்ப முடியாத அந்த மனிதரைப் படுக்கையிலேயே கொல்கிறான்.

நடைபிணங்களை எழுப்பத் தெரிந்த கதைசொல்லி அந்தக் கிளர்ச்சிக்காரரை எழுப்பவில்லை. அவருக்குச் சிறகும் கொடுக்கவில்லை, கொம்பும் கொடுக்கவில்லை. மகளை விட்டுவிட்டுப் போன ஒரு தகப்பனாக, அதற்காக மகளின் கோபத்துக்கும் உரியவராக, மனிதராகவே சாக விடுகிறார். ஷிமாபராவைத் தொட்டு நான் பார்த்த அனிமேக்களில் கொல்லப்பட்டவர்களுக்கு மிகக் கூடிய நியாயம் செய்தது இந்தக் காட்சியே என்பது என் துணிபு.

*

நமக்கு இதிலே ஒரு படிப்பினை உண்டு. நமது படைப்போர்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், எதிர்ப்படையில் நிற்பவன் பெரும்பாலும் மனிதனாக இருக்கமாட்டான். பூதமாக, சூனியக்காரனாக, வெட்டுவதற்கென்றே படைக்கப்பட்ட உடலாக இருப்பான். நமது சமகாலக் கவிதைகளிலும் கதைகளிலும் நமக்கு அநியாயம் செய்தவனை எழுதும்போது ‘பேய்கள்’, ‘பிசாசுகள்’ என்ற சொற்கள் எவ்வளவு இலகுவாக வந்து விழுகின்றன என்பதை, எழுதுகிற நாமே அறிவோம். கோபத்தில் அது வரும். ஆனால் பேயென்று எழுதிய கணத்திலேயே அவனை விசாரணையிலிருந்து விடுவித்துவிடுகிறோம். பேய்க்குச் சட்டமில்லை, பேய்க்கு வெட்கமில்லை, பேயை யாரும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதுமில்லை. மட்சுகுரா கட்சுயியே மனிதனாக இருந்தபடியால்தான் அவனைத் தண்டிக்க முடிந்தது.

மனிதன் இறந்து ஷைத்தானாவதில்லை என்று அன்று நான் மாணவனிடம் யோசிக்காமற் சொன்ன வசனம் எனக்கே பின்னர்தான் விளங்கிற்று. நமது நம்பிக்கையில் கொல்லப்பட்டவனும் மனிதனாகவே எழுப்பப்படுவான், கொன்றவனும் மனிதனாகவே எழுப்பப்படுவான். இருவருக்கும் கேள்வி கணக்கு உண்டு. வரலாற்றைப் புனைவாக்குகிற எவரும் மாயத்தை எவ்வளவும் கலக்கட்டும். அந்தக் கணக்கை மட்டும் கலைக்காதிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அந்த மாணவனைக் கூப்பிட்டு ஷிமாபராவின் கதையைச் சொன்னேன். வைக்கோல் அங்கியையும் கடற்பாசியையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘அவனுக்கு என்ன வயசு சேர்?’ என்றான். பதினாறு இருக்கும் என்றேன். அவனுக்குப் பதினைந்து. கொப்பியைத் திருப்பித் தன் சித்திரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அதை அழிக்கவில்லை. நானும் அழிக்கச் சொல்லவில்லை. நன்றாக வரையப்பட்ட சித்திரம் அது. அதன் கீழே, என்னிடம் கேட்டு, ஓர் ஆண்டை மட்டும் எழுதிக்கொண்டான்: 1638.